பாலாற்றங்கரையில் ஒரு வாட்டர் லூப்

ஆம்பூரில் நண்பர் வீட்டு மாடியறை. மேசைமேல் மூன்று கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் வீட்டு போர் தண்ணீர், அடுத்ததில் இருபது லிட்டர் கேனிலிருந்து பிடித்தது, மூன்றாவதில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கி வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டர். நண்பரின் மகன் வேலூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், பேனா மாதிரியான டிடிஎஸ் மீட்டரை ஒவ்வொரு டம்ளரிலும் முக்கிப் பார்த்தான். போர் தண்ணீரில் எண் நான்கு இலக்கத்துக்கு ஏறி நின்றது. கேன் தண்ணீர் இரண்டு இலக்கம். பேட்டரித் தண்ணீர் ஒற்றை இலக்கம்.

“கேன் தண்ணியே போதும்ல அங்கிள்? நாமளே அதைத்தான் குடிக்கிறோம். கம்ப்யூட்டர் குடிக்காதா?”

பக்கத்தில் கண்ணாடிக் கதவைக் கழற்றி வைத்த கேபினெட். உள்ளே மதர்போர்டு, வெளியே அட்டைப்பெட்டிகளில் ரேடியேட்டர், பம்ப், வாட்டர் பிளாக், சுருட்டிய டியூப். மே மாதம். விசிறி முழு வேகத்தில் சுற்றியும் அறை 37 டிகிரி. சிபியுவை ஓவர்கிளாக் செய்ய, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, தண்ணீர் சுற்றிவந்து சூட்டை எடுக்கும் ஒரு லூப்பைத் தன் கையாலேயே கட்டப்போகிறான் பையன். அவன் கேட்டது தண்ணீரைப் பற்றி மட்டும்தான். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் போனபோது காற்று, மின்சாரம், தோல் தொழில், பாலாறு என்று பேச்சு நீண்டுகொண்டே போயிற்று.

வாட்டர் கூலிங் பற்றி உலகமெங்கும் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து டிகிரி அறையில் அளந்த கணக்கை வைத்து எழுதுகிறார்கள். தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘டிஸ்டில்டு ஊற்றுங்கள்’ என்று ஒரு வரியோடு முடிந்துவிடும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் பட்டைக்கு அந்த ஒரு வரி போதாது. 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. வெயிலையும் நிலத்தடி நீரையும் யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். கணினிக்குத் தண்ணீர் காட்டுவது வீடியோ கேம் ஆடும் பிள்ளைகள் கண்டுபிடித்த ஆடம்பரம் இல்லை. 1980இல் ஐபிஎம் அறிவித்த 3081 பெருங்கணினியில் சில்லுகளை ஒரு பெட்டகத்துக்குள் அடுக்கி, ஒவ்வொரு சில்லின் முதுகையும் ஒரு உலோகப் பிஸ்டன் தொடும்படி செய்து, இடைவெளியில் ஹீலியம் நிரப்பி, மேலே தண்ணீர் ஓடும் தகட்டைப் பூட்டினார்கள். 1985இல் வந்த க்ரே-2 இன்னும் ஒரு படி மேலே போனது. மொத்த மின்சுற்றையும் மின்சாரம் கடத்தாத ஃப்ளோரினர்ட் திரவத்தில் மூழ்கடித்துவிட்டார் சீமோர் க்ரே. மீன்தொட்டிக்குள் கணினி என்றே வைத்துக்கொள்ளலாம். பிறகு குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிமாஸ் சில்லுகள் பெருங்கணினிகளுக்குள் வந்ததும் குழாய்களைக் கழற்றிவிட்டு விசிறிக்குத் திரும்பினார்கள். இப்போது சக்கரம் மறுபடி சுற்றி வந்திருக்கிறது. 2024இல் என்விடியா அறிவித்த ஜிபி200 அடுக்கு ஒன்றில் 72 ஜிபியுக்கள். ஒரே அலமாரி ஏறக்குறைய 120 கிலோவாட் மின்சாரம் தின்கிறது. அதைக் காற்றால் குளிர்விக்க முடியாது. குழாயோடுதான் வருகிறது.

வீட்டுக் கணினியின் கதை வேறு. 1998இல் இன்டெல் விற்ற செலரான் 300ஏ என்ற மலிவான சில்லு 300 மெகாஹெர்ட்ஸுக்கானது. மதர்போர்டின் பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு மாற்றினால் அதுவே 450இல் ஓடியது. காசு செலவில்லாமல் ஒன்றரை மடங்கு. ஓவர்கிளாக் என்ற பித்து உலகத்துக்குப் பிடித்தது அந்தக் காலத்தில்தான். சூடு கூடக் கூட ஆட்கள் கார் ஹீட்டரின் உள்ளே இருக்கும் சின்ன ரேடியேட்டரைப் பிரித்தெடுத்தார்கள். மீன்தொட்டிப் பம்பை இணைத்தார்கள். செம்புக் கட்டியை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாட்டர் பிளாக் செய்தார்கள். மெக்கானிக் ஷெட்டும் லேத் பட்டறையும் தெருவுக்குத் தெரு இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதில் அந்நியமாக எதுவுமில்லை. பின்னாளில் டென்மார்க்கின் ஏசடெக் போன்ற நிறுவனங்கள் பம்ப், பிளாக், ரேடியேட்டர் எல்லாவற்றையும் மூடி முத்திரையிட்டு ஒரே பொருளாகக் கொடுத்தன. ஸ்லோவேனியாவின் ஈகே போன்றவை தனித்தனி உறுப்புகளைக் கண்ணாடி போல் பளபளவென்று செய்து விற்றன. ஆப்பிளும் ஒருமுறை கை வைத்துப் பார்த்தது. 2004இல் வந்த 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5 திரவக் குளிர்ச்சியோடு வந்தது. சில வருடங்களில் அவற்றில் பல கசிந்து, கீழே இருந்த பவர் சப்ளையை அரித்துத் தின்றன.

சரி, ஓவர்கிளாக் செய்தால் என்ன கிடைக்கும்? சில்லு உண்டாக்கும் சூட்டின் பெரும்பகுதி இரண்டைப் பொறுத்தது: ஓடும் வேகம், கொடுக்கும் வோல்ட்டேஜின் வர்க்கம். வேகத்தை ஏற்ற வேண்டுமானால் வோல்ட்டேஜையும் ஏற்றியாக வேண்டும். 1.2 வோல்ட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் ஓடும் சில்லை 1.4 வோல்ட்டுக்கு உயர்த்தி 5.5இல் ஓட்டுகிறோம் என்று வையுங்கள். வேகம் 10 சதவீதம் கூடியது. சூடு? 1.4ஐ 1.2ஆல் வகுத்து வர்க்கமாக்கி 1.1ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1.5 வரும். பத்து சதவீத வேகத்துக்கு ஐம்பது சதவீதச் சூடு. வட்டிக்கடையில்கூட இந்த விகிதத்துக்குக் கடன் தரமாட்டார்கள்.

செலரான் காலத்துப் பையன்களுக்குக் கிடைத்த இலவச லாபம் இன்று இல்லை என்பதும் உண்மை. அந்த மிச்சத்தை நிறுவனமே பிழிந்து டர்போ என்ற பெயரில் விற்றுவிடுகிறது. 2023இல் வந்த கோர் ஐ9-14900கேயின் பெட்டியில் 125 வாட் என்று இருக்கும். டர்போவில் 253 வாட் வரை போக இன்டெலே அனுமதிக்கிறது. 2022இல் வந்த ரைசன் 9 7950எக்ஸ் பாரம் ஏறினால் 95 டிகிரி வரை போய் அங்கேயே நிற்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. குளிர்ச்சி கூடக் கொடுத்தால் அது வெப்பத்தைக் குறைத்துக்கொள்ளாது, வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். நாம் செய்ய நினைத்த ஓவர்கிளாக்கை அது ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

அந்தப் பிழிதல் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் சில்லுகள் பலருக்குக் காரணமில்லாமல் செயலிழக்கத் தொடங்கின. தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் போய்ச் சில்லு நாளடைவில் தேய்கிறது என்று 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்த மைக்ரோகோட் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. யாரும் ஓவர்கிளாக் செய்யாமலே நடந்தது இது. தண்ணீர் ஊற்றினால் சில்லு பிழைக்கும் என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். குளிர்ச்சி வெப்பத்தைக் குறைக்கும். வோல்ட்டேஜ் செய்யும் தேய்மானத்தை அது முழுக்கத் தடுக்காது.

இனி சூட்டின் பயணத்தைப் பார்ப்போம். சில்லு, அதன் மேல் உலோக மூடி, மேலே தெர்மல் பேஸ்ட், பிறகு செம்புப் பிளாக், பிளாக்குக்குள் தண்ணீர், ரேடியேட்டரின் துடுப்புகள், கடைசியில் அறைக்காற்று. தண்ணீரின் பெருமை இந்த வரிசையின் நடுவில் மட்டும்தான். ஒரே கன அளவுக்கு, காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 3,500 மடங்கு சூட்டைச் சுமக்கும். நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ஓடும் லூப்பில் 300 வாட்டை ஏற்றினால், ஒரு சுற்றில் தண்ணீர் வெறும் ஒரு டிகிரிதான் சூடேறும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சுமந்ததை எங்கே இறக்கி வைக்கும்? ரேடியேட்டரில், காற்றிடம்தான். மூன்று நல்ல விசிறிகள் தள்ளும் காற்று அதே 300 வாட்டை வாங்கிக்கொண்டு மூன்று டிகிரி சூடாகி வெளியே போகும். தண்ணீர் ஒருநாளும் அந்த அறைக்காற்றைவிடக் குளிராது. பாரத்தில் அதைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி மேலேதான் நிற்கும். இருபத்திரண்டு டிகிரி அறையில் 34இல் இருக்கும் தண்ணீர், கத்திரி வெயிலில் ஆம்பூர் மாடியறையில் 49ஐத் தொடும். அதற்கு மேல்தான் பிளாக், பேஸ்ட், மூடி என்று ஒவ்வொரு படியும் தன் பங்குக்கு ஏற்றும். பம்பும் டியூபும் தாங்க வேண்டுமானால் தண்ணீர் 60ஐத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான எல்லை. நமக்கு இடைவெளி ரொம்பக் குறைவு.

நடுவில் எவ்வளவு நல்ல தண்ணீர் ஓடினாலும் முதல் படியில் நெரிசல் இருந்தால் பயன் குறைவு. ரைசன் 7950எக்ஸின் கோர்கள் இருக்கும் சில்லு ஒவ்வொன்றும் எழுபது சதுர மில்லிமீட்டர் அளவு. கட்டைவிரல் நகத்தைவிடச் சின்ன இடத்திலிருந்து நூறு வாட் கிளம்புகிறது. அந்த நெரிசலைத் தண்ணீர் தீர்க்காது. ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டில் 450 வாட் என்றாலும் சில்லு 608 சதுர மில்லிமீட்டர், மேலே மூடியும் கிடையாது. சூடு பரந்து வெளியேறுகிறது. அதனால்தான் கஸ்டம் லூப் கட்டுகிறவர்கள் சிபியுவைவிட கிராஃபிக்ஸ் கார்டில்தான் பெரிய மாற்றத்தைப் பார்க்கிறார்கள். சிபியு மட்டும் என்றால் நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலருக்கும் விலையுயர்ந்த லூப்புக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் சில டிகிரிகள்தான். பையன் இதைக் கேட்டு முகம் சுண்டினான். அவன் வாங்கி வைத்திருந்தது சிபியு பிளாக் மட்டும்.

இனி அந்த டம்ளர்களுக்கு வருவோம். வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரமில்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு. கோயிலுக்கு 1981இல் சாமி வந்து சேர்ந்தார். நீரோடு பெயர் சேர்ந்த ஜலகண்டேஸ்வரர், அகழி சூழ்ந்த கோட்டைக்குள். ஆற்றுக்கும் 2021 நவம்பரில் கரை புரண்டு தண்ணீர் வந்து, போயே போய்விட்டது. மற்ற நாட்களில் மணல்தான். நிலத்தடி நீரின் கதைதான் டம்ளரில் நான்கு இலக்கமாக நின்றது.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைக் கொட்டுவார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. பல பத்தாண்டுகள் அந்தக் கழிவுநீர் எங்கே போனது என்பது ஊரறிந்த விஷயம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துகிறவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதிந்தது அந்தத் தீர்ப்பில்தான். இங்குள்ள வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்குப்படி ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக அதிலேயே பதிவாகியிருக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, ஆர்ஓ வந்தது, உப்பைக் காய்ச்சி எடுக்கும் கொதிகலன்கள் வந்தன. வழக்கு மட்டும் முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு நீண்ட தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. காவிரித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இவ்வளவு தூரம் ஓடி வருகிறது. மீதித் தேவைக்குக் கேன் வண்டி.

அந்தப் போர் தண்ணீரை லூப்பில் ஊற்றினால் என்ன ஆகும்? வாட்டர் பிளாக்கின் உள்ளே செம்பை மெல்லிய துடுப்புகளாகச் சீவியிருப்பார்கள். துடுப்புகளுக்கு நடுவே இடைவெளி கால் மில்லிமீட்டர் அளவு, மூன்று நான்கு தலைமுடிகளைச் சேர்த்து வைத்த அகலம். கடினநீரின் சுண்ணாம்பு சூடான இடத்தில்தான் முதலில் படியும். வென்னீர் அண்டாவின் அடியைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளோரைடு நிக்கல் பூச்சைத் துளைத்துவிட்டு அடியிலிருக்கும் செம்பைத் தின்னும். எங்காவது அலுமினிய ரேடியேட்டரையும் செம்புப் பிளாக்கையும் ஒரே லூப்பில் போட்டிருந்தால் கதை முடிந்தது. இரண்டு உலோகங்களின் மின்னழுத்த நிலைக்கு நடுவே இரண்டு வோல்ட் வித்தியாசம், நடுவில் உப்புக் கரைசல். அது லூப் இல்லை, பேட்டரி. அலுமினியம் கரைந்து வெள்ளைக் குழம்பாகத் துடுப்புகளில் வந்து அடையும்.

கேன் தண்ணீர் அவ்வளவு மோசமில்லை. ஆனால் குடிக்க ருசியாக இருக்க வேண்டும் என்று ஆர்ஓவுக்குப் பிறகு சிறிது தாது சேர்க்கிற வழக்கம் உண்டு. ஒவ்வொரு கேனும் ஒவ்வொரு மாதிரி. அதனால்தான் பையனிடம் வேண்டாம் என்றேன். டிஸ்டில்டு வாட்டரும் தனியாகப் போதாது. தூய நீர் பட்டினி கிடக்கிற மாதிரி, தொட்ட உலோகத்திலிருந்தெல்லாம் அயனிகளை இழுத்துக்கொள்ளும். சில வாரங்களில் அதுவும் மின்சாரம் கடத்த ஆரம்பிக்கும். ‘டிஸ்டில்டுதானே, கசிந்தாலும் போர்டுக்கு ஒன்றும் ஆகாது’ என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். செம்பு அரிப்பைத் தடுக்கிற பென்சோட்ரையசோல், பாசி வராமல் காக்கிற மருந்து, கொஞ்சம் கிளைக்கால் கலந்த தெளிவான கூலன்ட்தான் நம் வெயிலுக்குச் சரி. பால் மாதிரி வெள்ளையாகவும் இளநீலமாகவும் வரும் கூலன்ட்கள் படம் எடுக்க அழகு. அதில் மிதக்கும் துகள் சூட்டில் திரிந்து துடுப்புகளை அடைத்தால் சுத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போகும்.

இந்த அறிவு இந்தப் பட்டையில் புதிதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். செருப்பின் மேல்தோலில் கோலம் போடவும் துளையிடவும் வைக்கிற கார்பன்-டை-ஆக்சைடு லேசர் மெஷினுக்கு ஒரு கண்ணாடி ட்யூப் உண்டு. அதைச் சுற்றித் தண்ணீர் ஓடியே ஆக வேண்டும். ஒரு ஷூ யூனிட்டில் அந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் எங்கள் லூப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். “மோட்டார் தண்ணி ஊத்துனீங்களா, ட்யூப் உள்ளாற வெள்ளையா பூத்துடும் சார். எங்க பையன் ஒருத்தன் அப்படித்தான் ஊத்துனான். அன்னிலேர்ந்து நானே கேன் தூக்கிட்டுப் போய் ஊத்துறேன்.” லேசரின் தண்ணீரைக் குளிர்விக்க இரண்டு விதமான சில்லர் வருகிறது. சின்னது கம்ப்ரஸர் இல்லாத, ரேடியேட்டரும் விசிறியும் மட்டும் உள்ள பெட்டி. நம் கணினி லூப்பேதான் அது. கோடையில் அது போதாது என்று அவருக்குத் தெரியும். ஏப்ரல் வந்தால் கம்ப்ரஸர் உள்ள பெரிய பெட்டிக்கு மாறிவிடுவார். லேசர் ட்யூபுக்கு இருபது சொச்சம் டிகிரித் தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் ஆயுள் குறையும். சிலிக்கான் அந்த விஷயத்தில் கூலிக்காரன். எண்பது டிகிரியிலும் வேலை செய்யும், நாற்பத்தைந்து டிகிரித் தண்ணீரையும் ஏற்றுக்கொள்ளும்.

இது சாதாரண விஷயமில்லை. 2012இல் ஜெர்மனியில் மியூனிக் பக்கம் கார்க்கிங்கில் நிறுவிய சூப்பர்எம்யூசி என்ற மீக்கணினியை ஐபிஎம் நாற்பது டிகிரியைத் தாண்டிய வெதுநீரால் குளிர்வித்தது. குளிர்சாதனம் போட்டுத் தண்ணீரைச் சில்லிடவைக்கிற செலவு மிச்சம். வெளியேறிய சூட்டில் குளிர்காலத்தில் கட்டடத்தை வெதுவெதுப்பாக்கிக்கொண்டார்கள். வேலூரில் கட்டடத்தைச் சூடாக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஆனால் நம் கோடையில்கூட லூப் சாகாது என்பதற்கு அது சாட்சி. சாகாது, அவ்வளவுதான். ஓவர்கிளாக்குக்கு வேண்டிய கூடுதல் இடைவெளி கிடைக்காது.

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் சேர்த்த தொட்டியில் தோலை ஊறவைப்பார்கள். அந்தக் கழிவு எங்காவது அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் என்று பாடப்புத்தகத்தில் படித்ததை இங்கே மூக்கால் அறியலாம். வெள்ளிக் கொலுசைக் கறுக்கவைக்கிற அதே வாயு, மதர்போர்டின் வெள்ளிப் பூச்சையும் செம்புத் தடங்களையும் கறுக்கவைக்கும். 2006இல் ஐரோப்பா ஈயமில்லாத சால்டரைக் கட்டாயமாக்கிய பிறகு பல நிறுவனங்கள் போர்டுகளுக்கு வெள்ளிப் பூச்சுக்கு மாறின. கந்தகக் காற்று உள்ள ஊர்களில் அந்தப் பூச்சிலிருந்து கறுப்புப் படலம் ஊர்ந்து பக்கத்துத் தடத்தைத் தொட்டுப் பலகைகள் செத்தன. வாட்டர் கூலிங் இங்கே ஒரு நல்லது செய்யும்: கேபினெட்டுக்குள் இழுக்கும் காற்றைக் குறைக்கலாம். ஒரு கெட்டதும் செய்யும்: ரேடியேட்டரின் நெருக்கமான துடுப்புகள் தூசியைப் பிடித்துக் கம்பளியாக்கிக்கொள்ளும். ஷூ யூனிட் பக்கத்தில் வீடு என்றால் மாதம் ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

இன்னொரு உள்ளூர் எச்சரிக்கை. இந்தப் பக்கம் பல வீடுகளில் செருப்பு ஒட்டும் சொல்யூஷனும் தின்னரும் இருக்கும். அக்ரிலிக் பிளாக்கில் ஒட்டிய கறையைத் தின்னர் தொட்டுத் துடைத்தால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். பிறகு சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடும்.

லூப் கட்டிய நாளைச் சொல்கிறேன். கேபினெட்டைப் படுக்கவைத்து டியூபை அளந்து வெட்டினோம். எஸ்எம்பிஎஸின் பெரிய இணைப்பில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு பேப்பர் கிளிப்பால் சேர்த்துப் பம்பை மட்டும் ஓடவிட்டோம். மதர்போர்டுக்குக் கரண்ட் கிடையாது. ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் மடித்த டிஷ்யூ பேப்பர். ரிசர்வாயரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற ஊற்ற, தண்ணீர் டியூபில் ஏறிப் பிளாக்குக்குள் காணாமல் போய், ரேடியேட்டரிலிருந்து நுரையாகத் திரும்பியது. கேபினெட்டை இப்படியும் அப்படியும் சாய்த்துக் குமிழ்களை விரட்டினோம், குழந்தைக்கு ஏப்பம் எடுக்கிற மாதிரி. பம்பின் கரகரப்பு மெல்ல அடங்கியது. ஒரு மணி நேரம் கழித்துக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மேலே இருந்த டிஷ்யூவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம். நான் மாட்டிய ஃபிட்டிங். ஓ-ரிங் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கழற்றி, நனைத்து, மறுபடி போட்டேன். அதன் பிறகு இருபத்து நான்கு மணி நேரம் ஓடவிட்டுத்தான் கரண்ட் கொடுத்தோம்.

செலவு? சிபியு, கிராஃபிக்ஸ் கார்டு இரண்டுக்கும் நல்ல பொருளாக வாங்கினால் அரை லட்சத்தைச் சுலபமாக விழுங்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாம் கிடைக்கும் என்பார்கள். மூடிய லூப்புகள் கிடைக்கும். நல்ல ஃபிட்டிங், செம்பு ரேடியேட்டர் என்று போனால் ஆன்லைனில் வரவழைப்பதுதான் வழி. ஓட்டும் செலவை யாரும் சொல்வதில்லை. 500 வாட் இழுக்கும் கணினியை நாளுக்கு நாலு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 120 யூனிட். வீடுகளுக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை அது ஒன்றே தின்றுவிடும். அறையில் ஏசி இருந்தால் இரட்டைச் செலவு, ஏனென்றால் அந்த 500 வாட்டும் அறைக்குள்தான் இறங்குகிறது. ஒன்றரை டன் ஏசி தள்ளக்கூடிய சூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அது. தண்ணீர் எதையும் தணித்துவிடவில்லை. மேசைக்குக் கீழே இருந்ததை அறை முழுக்கப் பரப்பியது.

எனவே என் கணக்கு இது. இந்த ஊரில் வேகத்துக்காக லூப் கட்டுவது வீண். சிபியுவுக்கு நல்ல ஏர் கூலர் போட்டு, வோல்ட்டேஜைக் கொஞ்சம் இறக்கி ஓட்டினால், அந்தப் பத்து சதவீதக் கணக்கே தலைகீழாகி நமக்குச் சாதகமாகிவிடும்: துளி வேகம் குறையும், பெருஞ்சூடு போகும். கிராஃபிக்ஸ் கார்டுக்கும் அதே வைத்தியம்தான். ஆனால் தண்ணீருக்கு, காற்றால் முடியாத ஒரு வித்தை தெரியும். சூட்டை நீண்ட குழாயில் நினைத்த இடத்துக்குக் கொண்டுபோகும். ரேடியேட்டரைச் சுவருக்கு வெளியே மாட்டினால் கணினி அறைக்குள், சூடு வெளியே. உள்ளே ஏசி ஓடினாலும் குழாய் வியர்க்காது, தண்ணீர் எப்போதும் அறையைவிடச் சூடாகத்தானே இருக்கும். வேலூர்ப் பக்கம் வாட்டர் லூப் கட்ட எனக்குத் தெரிந்து உருப்படியான காரணம் இது ஒன்றுதான்.

பையன் அதைப் பிடித்துக்கொண்டான். ஓவர்கிளாக்கைத் தள்ளி வைத்துவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ஒரு பிளாக் வாங்கி, ஜன்னலுக்கு வெளியே இரும்புச் சட்டத்தில் ரேடியேட்டரைத் தொங்கவிட்டான். அறை உண்மையிலேயே குளிர்ந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் பக்கத்து மாடியில் வற்றல் எடுக்க வந்த பாட்டி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“ஏம்ப்பா, உங்க ரூம் சூட்டை எங்க பக்கம் ஊதிவிடுறியே, நாங்க எங்க போறது?”

அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் விசிறிகளைத் தெருப்பக்கம் திருப்பினான்.